சுக்கான் இல்லாமல் வந்தவர்

ஐஸக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. மீன்பிடித் துறைகளுக்கு ஐஸ் கட்டி ஏற்றிப்போகும் வேன் ஓட்டுவது அவள் பிழைப்பு. ஒருமுறை புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளி ஒருவன், பொம்பளை டிரைவர் படகுத்துறைப் பலகை மேல் வண்டியைப் பின்னால் எடுக்கக்கூடாது, ஆம்பளை யாரையாவது கூட்டிவா என்று சட்டம் பேசினான். அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். அவன் கால் கட்டைவிரலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்தினாள். "இப்ப போய் ஆம்பளையைக் கூட்டிட்டு வா. முன்னால எடுத்துக் குடுக்கச் சொல்லு" என்று சாவியை நீட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு முதல் வணக்கம் அவனுடையதுதான்.

இந்தத் திமிர் அப்பனிடமிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்த அப்பன் எங்கிருந்து வந்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் விடியற்காலையில் தனியாக ஒரு சின்னப் படகில் கரை சேர்ந்தாராம். படகில் சுக்கான் இல்லை. பின்பக்கம் நின்றுகொண்டு ஒரு துடுப்பாலேயே திசை திருப்பிக்கொண்டு வந்தாராம். எந்த ஊர் என்று கேட்டதற்குக் கடலைக் காட்டினாராம். அவ்வளவுதான். அந்த ஊரிலேயே மீன் பிடித்தார், கல்யாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளைப் பெற்றார். ஊர் அவருக்கு 'வந்தவர்' என்று பெயர் வைத்தது. கடைசிவரை அந்தப் பெயர் மாறவில்லை.

பள்ளிக்கூடத்தில் 'வந்தவன் மக' என்று கூப்பிட்டவனின் பல்லை ஐஸக்கா ஒருமுறை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். அவள் அண்ணன் வேறு மாதிரி. அடிக்கத் தெம்பில்லாதவன் கதை கட்டுவான். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அடுத்தவர்களின் பரம்பரைச் சொத்துகளுக்கெல்லாம் முத்திரை குத்திக் குத்தி, தனக்கும் ஒரு பரம்பரை இல்லையே என்ற ஏக்கம் அவருக்குள் புண்ணாகிவிட்டது. அப்பா தன் படகுக்குச் சாகும்வரை சுக்கான் பூட்டவில்லை. தச்சன் சும்மா செய்து தருகிறேன் என்றபோதுகூட, "எனக்கு அது பழக்கமில்ல" என்று மறுத்துவிட்டார். அதை வைத்து அண்ணன் ஒரு கோட்டையே கட்டினார். அப்பா பெரிய மாலுமிப் பரம்பரை. சுக்கான் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. அந்தப் பரம்பரையில் யாரும் சுக்கானைத் தொட்டதே கிடையாது. திரும்பத் திரும்பச் சொன்னதில் ஐஸக்காவே பாதி நம்பிவிட்டாள்.

அப்பா போன பிறகு கல் வைக்கும் பேச்சு வந்தது. கல்தச்சன் பெயரையும் தேதிகளையும் செதுக்கிவிட்டு, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, என்ன எழுதட்டும் என்று கேட்டான். அண்ணனிடம் வரி தயாராக இருந்தது: 'மாலுமிப் பரம்பரையில் உதித்த பெருந்தகை.'

"உதிச்சாராம்! அண்ணே, உனக்கே இது அடுக்குமா?" என்றாள் ஐஸக்கா. "கடைசி வரைக்கும் என் வீட்டுலதான் கிடந்தாரு. என் கையாலதான் கஞ்சி குடிச்சாரு. ஒரு நாள்கூடத் தன்னைப் பத்தி ஒரு பெருமை பேசினதில்ல. அந்த மனுஷன் தலைமாட்டுல பொய்யை வைக்கப் போறியா?"

"அப்ப என்ன போடறது? 'எங்கிருந்தோ வந்தார்'னா? நாலு பேர் பார்க்கிற கல்லு. நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"நிஜத்தைக் கண்டுபிடிச்சுப் போடுவோம்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"கண்டுபிடிக்கலைன்னா உன் வரியைப் போட்டுக்க. நான் குறுக்க நிக்கல."

இப்படித்தான் அந்தப் பயணம் கிளம்பியது. ஐஸ் கம்பெனியில் இயந்திரம் படுத்துவிட்டதால் ஒரு வாரம் வண்டிக்கு வேலை இல்லை. எந்தப் பக்கம் போவது என்பதில் குழப்பம் இல்லை. வந்த நாளைப் பற்றி அப்பா வாய் தவறிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "காத்து முதுகுல இருந்துச்சு." அந்த மாதத்துக் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று கடற்கரையில் பிறந்தவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. காற்று வந்த திசையைப் பார்த்து வண்டியை விட்டாள். போகிற வழியில் எந்த ஊர்ப் படகுகளுக்குச் சுக்கான் இல்லையோ அதுதான் அப்பாவின் ஊர். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் ஒரு தலையணையும், ஒரு ஃபிளாஸ்க்கும், இஸ்திரி போட்ட சட்டைகளுமாக ஏறினார். ஐஸ் வேனில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று முதல் பாலம் வருவதற்குள் அலுத்துக்கொண்டார்.

"பரம்பரை வாசம் அண்ணே, நல்லா இழுத்து மூச்சு விடு" என்றாள்.

ஊர் ஊராக இறங்கிக் கேட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் சிரிப்புதான் கிடைத்தது. ஒரு துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கூட்டமாக வந்து வேனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "சுக்கான் இல்லாத படகா? ஏம்மா, உன் வண்டியில ஸ்டியரிங் இருக்கா, இல்ல அதுவும் பரம்பரையா கிடையாதா?" என்று ஒருவன் கேட்டான். அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஐஸக்கா அவனுக்குத் தகுந்த பதிலைச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள் என்றாலும், உள்ளுக்குள் அவளுக்கும் வலித்தது. அடுத்தடுத்த ஊர்களில் வாயைத் திறந்து கேட்கவே கூச்சமாகிவிட்டது. வண்டியிலிருந்தபடியே படகுகளைப் பார்ப்பார்கள். சுக்கான் தெரிந்தால் மேலே போய்விடுவார்கள்.

அப்படித்தான் அந்த மஞ்சள் படகுகள் நிறைந்த ஊரையும் தாண்டினார்கள். காலை நேரம். படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் சுக்கான் இருந்தது. மணலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் டீக்கடை. கடைக்காரி ஐஸக்காவை விடச் சற்று இளையவள். அண்ணன் சர்க்கரை தூக்கல் என்று குறை சொன்னபோது, "அப்ப நாளைக்கு வாங்க, குறைச்சுப் போடறேன்" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டாள். ஐஸக்காவுக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தாள்.

"இங்கயா?" என்றார் அண்ணன், கூரை பிய்ந்த வீடுகளைப் பார்த்தபடி. "நம்ம பரம்பரைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? அதான் எல்லாத்துக்கும் சுக்கான் இருக்கே. ஏறு."

ஏறினாள். அன்று மதியம் ஒரு கலங்கரை விளக்கத்தின் அடியில் சாலை முடிந்துபோனது. அதற்கு அப்பால் பாறையும் தண்ணீரும்தான். ஐஸக்கா வண்டியை அணைத்துவிட்டு வெகுநேரம் கைகளை ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தாள். அண்ணன் ஜெயித்துவிட்டார். ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார். பெருந்தகை கல்லில் உதிக்கப் போகிறார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன் முன்னால் அழுவதா என்று வண்டியைத் திருப்பினாள்.

திரும்பும் வழியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. தண்ணீர் வாங்க நிறுத்திய இடம் அதே டீக்கடை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரையில் வரிசையாகப் படுத்திருந்த மஞ்சள் படகுகளில் ஒன்றில்கூடச் சுக்கான் இல்லை.

"அண்ணே! இறங்கு! இறங்கிப் பாரு!"

அண்ணன் தலையணையோடு இறங்கினார். பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. "நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? பரம்பரை!" என்று முதல் படகின் பின்பலகையைத் தடவிக்கொடுத்தார். ஐஸக்கா அதன் உட்காரும் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அப்பாவின் படகு வெளியே முழுக்கத் தார் பூசியது. பலகைக்கு அடியில் மட்டும் பழைய மஞ்சள் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டியதற்கு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாள். இதே மஞ்சள்தான்.

அப்போதுதான் மேட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்த ஆட்களைக் கவனித்தாள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு சுக்கான். இன்னொரு தோளில் துடுப்பு. மேட்டின் உச்சியில் வெள்ளையடித்த ஒரு பெரிய வீடு. அதன் பக்கவாட்டில் இருந்த கிடங்குக்குள் அவற்றை வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். வாசலில் ஒருவன் பூட்டோடு காத்திருந்தான்.

"அது என்ன?" என்று டீக்கடைக்காரியிடம் கேட்டாள்.

"முதலாளி வீடு. படகெல்லாம் அவரோடது. ராத்திரி எவனாவது தனக்குன்னு மீன் பிடிக்கப் போயிடக்கூடாதுல்ல? படகுக்குப் பூட்டுப் போட முடியுமா? அதான் சுக்கானைக் கழட்டிக் கொண்டுபோய் வச்சுடணும். காலையில வந்து வாங்கிக்கணும். அவங்க தாத்தா காலத்துலேருந்து இதான் முறை."

அண்ணனின் கை படகிலிருந்து கீழே இறங்கியது. கட்டிய கோட்டை சரிந்த சத்தம் வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"துடுப்பு எதுக்கு?" என்று ஐஸக்கா கேட்டாள்.

கடைக்காரி அடுப்பைக் கிளறினாள். "அது ஒரு புண்ணியவான் செஞ்ச வேலை. எங்க பெரியப்பாதான். சுக்கான் இல்லாமலே துடுப்பை வச்சுப் படகை ஓட்டிட்டுப் போயிட்டாரு. அன்னையிலேருந்து துடுப்பையும் சேத்துக் குடுக்கணும்னு ஆயிடுச்சு. இந்த ஊர் ஆம்பளைங்க அந்த ஆளைத் திட்டாம மேடு ஏறினதில்ல. எங்கப்பாதான் ரொம்பத் திட்டுவாரு. கூடப் பொறந்தவராச்சே. ஊரே எங்க வீட்டைத்தானே கைகாட்டிச்சு. 'திருடன் வீடு'ன்னு."

"ஏன் போனாரு?"

"எங்க தாத்தாவுக்கு நெஞ்சு வலி. அந்தக் கரையிலதான் டாக்டர். பெரியப்பா மேட்டுக்கு ஓடிப்போய் சுக்கானைக் கேட்டிருக்காரு. முதலாளி தூங்கறாரு, எழுப்ப முடியாது, காலையில வான்னுட்டாங்க. சுக்கான் இல்லாமலும் படகை ஓட்டலாம்னு அன்னிக்கு யாருக்கும் தோணல. காலையில தாத்தா இல்ல. அடக்கம் பண்ணிட்டு வந்து, எல்லாரும் பார்க்கப் படகைத் தண்ணியில தள்ளினாராம். எங்க போய்ச் செத்தாரோ."

"சாகல" என்றாள் ஐஸக்கா. "இப்ப சில மாசம் முன்னாடிவரை இருந்தாரு. என் வீட்டுல. நான் அவர் மக. இவரு என் அண்ணன்."

கடைக்காரி கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது. அவள் கட்டிப்பிடிக்கவில்லை. "அப்ப எங்கப்பா வாங்கின திட்டுக்கெல்லாம் நீ பதில் சொல்லு" என்று கத்தினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, உட்காருங்க. அண்ணே, நீங்களும் உட்காருங்க. சர்க்கரை குறைச்சே போடறேன்" என்றாள்.

இப்படிப்பட்ட சேதி மேடு ஏற எவ்வளவு நேரம் ஆகும்? டீ வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார். தூங்கிய மனிதரின் பேரன். மடிப்புக் கலையாத சட்டை, மென்மையான பேச்சு. மேட்டிலிருந்து இறங்கியவர்களும் இன்னும் ஏறாதவர்களும் கூடிவிட்டார்கள்.

"பழசைக் கிளற எனக்கு ஆசை இல்லம்மா" என்றார். "ஆனா இங்க இளவட்டங்க கொஞ்சநாளா ஒரு மாதிரி பேசறாங்க. 'அவரு போகலையா, நாங்க போகமாட்டோமா'ன்னு. நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. 'எங்கப்பா செஞ்சது தப்பு'ன்னு நீங்க எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

அண்ணன் வாய் திறந்தார். வழியெல்லாம் கல்லைப் பற்றியே பேசியவருக்கு அங்கேயும் அதுதான் வந்தது. "எங்கப்பாவுக்குக் கல்லு வைக்கறோம்..."

"வைங்க. எங்க வீட்டுப் பேரையே அதுல போட்டுக்கங்க. அவரு எங்க வீட்டோட வளர்ந்தவர்னு நானே உங்க ஊருக்கு வந்து சொல்றேன். வேற என்ன வேணும்?"

ஐஸக்கா அண்ணனைப் பார்த்தாள். ஆயுள் முழுக்க ஏங்கியது ஒரு தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. பெரிய வீடு, பெரிய பெயர். அவர் எச்சில் விழுங்குவது தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. மூத்தவர் அவர்தான். கல் அவர் சொல்படிதான்.

அவர் தலை அசைவதற்குள் அவள் எழுந்தாள்.

"எங்கப்பா உங்க படகைத் திருடினாரு. அதை நான் மறைக்கல" என்றாள். "தாராளமாத் திருடன்னு சொல்லுங்க. ஆனா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பெத்த அப்பன் மணல்ல கிடந்து துடிக்கறப்ப ஒரு மரக்கட்டையைக் குடுக்க உங்க வீட்டுல ஆள் இல்ல. உங்க தாத்தா தூங்கினாரு. தப்புன்னு சொல்லணும்னா முதல்ல அவரு சொல்லட்டும்."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "அவரு செத்து எவ்வளவு காலமாச்சு!"

"எங்கப்பாவும் செத்துட்டாரு. ரெண்டு பேரும் அங்கேயே பேசித் தீர்த்துக்கிடட்டும். இந்தத் தடவையாவது உங்க தாத்தாவை முழிச்சிட்டு இருக்கச் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவன் யாரென்று முதலாளி தேடினார். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

கடைக்காரியின் புருஷன் இன்னும் மேடு ஏறவில்லை. ஒரு தோளில் சுக்கானும் மறு தோளில் துடுப்புமாக, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் அடுப்பை விட்டு நகராமலே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, சுக்கான் அவங்களோடது. கொண்டுபோய்க் குடுத்துடுங்க. துடுப்பு நீங்க செதுக்கினது. அதைப் படகுல போட்டுட்டு வாங்க. டீ ஆறுது."

அவன் முதலாளியைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். எது அதிக பயம் என்று முடிவு செய்ய அவனுக்கு நேரம் பிடித்தது. பிறகு மணலில் இறங்கிப்போய்த் துடுப்பைப் படகுக்குள் போட்டான். மரத்தில் மரம் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை. ஒரு இளைஞன் மட்டும் தன் துடுப்பைத் தோளிலிருந்து இறக்கி, போடாமலும் தூக்காமலும், கையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"நாளைக்குச் சுக்கான் கேட்டு எங்ககிட்டதானே வரணும்" என்றார் முதலாளி.

"வரலைன்னா?" என்றாள் கடைக்காரி. "அது இல்லாமலும் போகலாம்னு எங்க வீட்டுக்குத் தெரியும்."

முதலாளி திரும்பி மேடு ஏறினார்.

இருட்டுவதற்குள் கிளம்பவேண்டும் என்று ஐஸக்கா ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினாள். வேலை முடங்கினால் தன் ஊருக்கு வந்துவிடச் சொல்லி டீக்கடைத் தங்கச்சியிடம் வழி சொன்னாள். "நாங்க எதுக்கு வரணும், எங்க ஊரு இது. நீங்க வாங்க" என்று பதில் வந்தது. அதுவும் அப்பா பேசுவது போலத்தான் இருந்தது. வண்டி ஓட்டும்போது அவளுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டே ஓட்டினாள். உன் ஊர் தெரிந்துவிட்டது அப்பா, உன் ஆட்களைப் பார்த்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அண்ணன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வெகுதூரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்றே அவள் நினைத்தாள். பெரிய வீட்டுப் பெயரைக் கை நழுவ விட்டதற்கு வீடு வரைக்கும் பாட்டுதான் என்று தயாராக இருந்தாள். அவர் செல்போனை எடுத்தார்.

"கல்தச்சரா? நான்தான். அந்தக் கீழ் வரிக்கு வாசகம் முடிவாயிடுச்சு. எழுதிக்க. 'சுக்கான் இல்லாத படகைத் திருடிக்கொண்டு வந்தவர்.'"

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி.

"ஆமாய்யா, காது கேக்கலையா? திருடித்தான்!" என்று அண்ணன் வண்டியே அதிரக் கத்தினார். "மேல இருக்கிற பேரைவிடப் பெரிய எழுத்தாப் போடு. ரோட்டுல போறவன் நின்னு படிக்கணும்."